ஆதியாகமம் தொடுக்காத வழக்கு

குற்றாலத்துக் குரங்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டம் நிறைவுபெறாது. கீழப்பாவூர், பாவூர்ச்சத்திரம், சுற்றியுள்ள ஊர்கள் என எங்கு நடந்தாலும் அமைப்பு ஒன்றுதான். அறுப்பு முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ பந்தல் போட்டு, டியூப் லைட் கட்டி, மூன்று நாள் கூட்டம். அதில் ஓர் இரவு வாலிபருக்கான செய்தி. பிரசங்கியார் மைக்கைச் சரிசெய்துகொண்டு கேட்பார்: “மெயினருவிக்குப் போயிருப்பீங்க. கையில இருந்த பழத்தைக் குரங்கு பிடுங்கியிருக்கும். உங்க தாத்தா காலத்துலயும் அது குரங்கு, இன்னைக்கும் அது குரங்கு. ஒண்ணாவது மனுசனா மாறி சட்டை போட்டு நின்னுச்சா?” பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் குரல் கனக்கும்: “ஆறே நாள். ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம். இதை நம்பாதவன் வேதத்தை நம்பாதவன். ஆதியாகமம் பொய்னா சிலுவையும் பொய்.”

அப்படி ஒரு கூட்டம் கலைந்தபின், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். அறிவியல் வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதே சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். “சார், பரீட்சையில பரிணாமப் பாடம் வந்தா எழுதலாமா? எழுதினா பாவமா?” என்று கேட்டாள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. “எழுதும்மா, மார்க் போயிடக் கூடாதுல்லா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது வாத்தியார் சொல்லும் பதிலும் அல்ல, விசுவாசி சொல்லும் பதிலும் அல்ல. தப்பித்துக்கொள்கிறவன் சொல்லும் பதில். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதங்களை அவர்கள் சொல்லும் வலுவோடே முதலில் வைத்துவிடுகிறேன். ஒன்று: ஆறு நாள் படைப்பு, ஆறாயிரம் ஆண்டு உலகம் என்பதே நம் முன்னோர் காத்த விசுவாசம், பரிணாமம் நேற்று வந்த நாத்திகம். இரண்டு: வேதம் நேராகச் சொல்கிறது, அதைச் சுற்றி வளைத்துப் பொருள் கொள்வது அவிசுவாசம். மூன்று: ஒரு உயிர் இன்னொன்றாக மாறியதை யாரும் பார்க்கவில்லை, அது வெறும் தியரி. நான்கு: ஆதாம் என்ற ஒரு தனிமனிதன் விழவில்லையென்றால், கிறிஸ்து மீட்க வேண்டியதும் இல்லை. இவற்றைச் சொல்கிறவர்கள் மூடர்கள் அல்லர். வேதத்தை உயிராக மதிக்கிறவர்கள். பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாதங்கள் நான்கும் நிற்காதவை.

முன்னோர் விசுவாசத்திலிருந்து தொடங்குவோம். எந்த முன்னோர்? 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன், சூரியனே இல்லாத முதல் மூன்று நாள்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்திருக்கும், இதைப் புத்தியுள்ளவர் எழுத்தின்படி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போவின் ஆயர் அகஸ்டின் ஆதியாகமத்துக்குப் பல ஆண்டுகள் உழைத்து உரை எழுதினார். அந்த நாள்கள் நாம் எண்ணும் சூரிய நாள்கள் அல்ல என்பதே அவருடைய முடிவு. அகஸ்டினும் உலகின் வயது ஆறாயிரத்துக்குள் என்றுதானே நினைத்தார் என்று கேட்கலாம். ஆம், நினைத்தார், அவர் காலத்தில் வேறு சான்று இல்லை. நான் காட்டுவது அவர் சொன்ன வயதை அல்ல, அவர் வாசித்த முறையை. அதே உரையில் அவர் ஓர் எச்சரிக்கையும் விட்டார்: வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளும் அறிந்திருக்கும் விஷயத்தில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் உளறினால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அதன்பின் உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை யார் நம்புவார்? பதினாறு நூற்றாண்டு கழித்து எங்கள் ஊர்ப் பந்தலுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

ஆறாயிரம் என்ற கணக்கைப் புகழ்பெறச் செய்தவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். வேதத்து வம்சவரலாறுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23-இல் தொடங்கியது என்று 1650-இல் எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டு அச்சானது. ஓரத்தில் இருந்ததை மக்கள் வேதமென்றே எடுத்துக்கொண்டார்கள்.

இருந்தும், டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859-இல் வந்தபோது திருச்சபை மொத்தமும் ஆறாயிரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆங்கிலிக்கன் குருவானவர் சார்லஸ் கிங்ஸ்லி டார்வினை வரவேற்றார். 1884-இல் ஆக்ஸ்போர்டில் பரிணாமத்தை ஏற்றுச் சொற்பொழிவாற்றிய ஆயர் ஃபிரெடரிக் டெம்பிள், 1896-இல் கான்டர்பரிப் பேராயராகவே ஆனார். தென்னிந்தியத் திருச்சபைக்கு ஆங்கிலிக்கன் வேர் உண்டு. அந்தத் தாய்வீட்டின் தலைமகனைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை வெளிவந்து ‘அடிப்படைவாதம்’ என்ற பெயருக்கே காரணமான பன்னிரண்டு தொகுப்புகளில் எழுதிய ஜேம்ஸ் ஆர், பூமி மிகப் பழையது என்பதை ஒப்புக்கொண்டவர். 1925-இல் டென்னசியில் பரிணாமப் பாடத்துக்கு எதிராக வழக்காடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, கூண்டில் ஏறியபோது, அந்த நாள்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை, நீண்ட காலங்களாக இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

பின் இன்று நாம் கேட்கும் பிரசங்கம் எங்கிருந்து வந்தது? ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1923-இல், பாறை அடுக்குகளையெல்லாம் நோவாவின் வெள்ளத்தில் கரைத்து ஒரு நூல் எழுதினார். அந்த வாதத்தைப் புதுப்பித்து விட்கம், மோரிஸ் என்ற இருவர் 1961-இல் எழுதிய நூல்தான் உலகெங்கும் பரவியது. என் தகப்பனாரின் வேதாகமம் அந்த நூலைவிடப் பழையது. முன்னோர் விசுவாசம் என்று நமக்கு விற்கப்படும் சரக்கு, இறக்குமதியான இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

நம்முடைய சொந்த முன்னோரைக் கேளுங்கள். குற்றாலத்துக்குப் போகும் வழியில் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மலைவளம் சொல்லிக் குறிசொல்லும் அந்த இலக்கிய வகையை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடாமல் நம் ஆராதனை இல்லை. அந்தக் குறவஞ்சிக்குள் அவர் உலகப் புவியியலையும், கோபர்னிக்கஸ் வழிவந்த புதிய வானநூலையும் பாட்டாகவே சேர்த்தார். பூமி அசையாது என்று சொல்லும் சங்கீத அடிகளும், சூரியன் தரித்து நின்ற யோசுவாவின் கதையும் அவருக்குத் தெரியாதா? தெரியும். அவற்றுக்காகப் பூமியை நிறுத்திவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1633-இல் ரோமாபுரி கலிலியோவை மண்டியிட வைத்த விஷயத்தை, இன்றைக்கு இரு நூற்றாண்டுக்கு முன்பே திருநெல்வேலிக் கிறிஸ்தவர் ஒருவர் இராகம் போட்டுப் பாடிவிட்டார். இன்று பூமி சுற்றுகிறது என்பதற்காக எந்தப் பிரசங்கியாரும் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லை. அந்த வசனங்களை உவமையாக வாசிக்கலாம், இந்த அதிகாரத்தை மட்டும் அப்படி வாசிக்கக் கூடாது என்று விதித்தது யார்?

இது இரண்டாவது வாதத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது: வேதம் நேராகச் சொல்கிறதாம். சரி, நேராகவே வாசிப்போம். முதல் அதிகாரத்தில் செடிகொடிகள், பின்பு மிருகங்கள், கடைசியில் ஆணும் பெண்ணும் ஒருசேர. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பின்பு தோட்டம், பின்பு மிருகங்கள், கடைசியில் பெண். இரண்டையும் நாளேட்டுக் குறிப்பாக எடுத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கும். இவற்றை அடுத்தடுத்து வைத்துத் தொகுத்தவர்களுக்கு இந்த முரண் கண்ணில் படாமல் இருந்திருக்குமா? பட்டிருக்கும். வரிசை சொல்வது தங்கள் நோக்கமில்லை என்பதால் விட்டிருக்கிறார்கள்.

‘ஆகாயவிரிவு’ என்ற சொல்லையும் பாருங்கள். எபிரேய மூலத்தில் அது தட்டித் தகடாக்கியதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். தலைக்குமேல் கவிழ்ந்த ஒரு தளம், அதன்மேல் தண்ணீர். அக்கால மக்கள் வானத்தை அப்படித்தான் கண்டார்கள். எழுத்தின்படிதான் வாசிப்பேன் என்கிற எந்தப் பிரசங்கியாராவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படும் ராக்கெட் அந்தத் தகட்டில் முட்டும் என்று சொல்கிறாரா? சொல்வதில்லை. ஆக அவரும் உவமையாகத்தான் வாசிக்கிறார். எங்கெங்கே என்பதைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் அதிகாரத்தில் சூரியன், சந்திரன் என்ற பெயர்களே வருவதில்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்றுதான் வரும். காரணம் இருக்கிறது. இஸ்ரவேலரைச் சிறைபிடித்துப்போன பாபிலோனில் அவை தெய்வங்கள். அவற்றின் முன்னால் ராஜாக்கள் விழுந்து கும்பிட்டார்கள். அடிமைப்பட்ட ஒரு சிறு ஜனக்கூட்டம், ‘நீ கும்பிடுவது ஒரு விளக்கு; என் தேவன் அதை நாலாம் நாள்தான் ஏற்றினார்’ என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ராஜா மட்டுமே தெய்வத்தின் சாயல் என்றிருந்த உலகத்தில், ஆண் பெண் அடிமை எல்லாருமே தேவசாயல் என்றது அந்த அதிகாரம். அப்படிப்பட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பாறைக்கு வயது என்ன என்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம். ஆதியாகமம் அந்த வழக்கைத் தொடுக்கவே இல்லை. நாம்தான் அதன் பெயரில் வக்காலத்துத் தாக்கல் செய்தோம்.

மூன்றாவது வாதத்துக்குக் கீழப்பாவூரைச் சுற்றியே பதில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லையாம். செங்கோட்டையில் பஸ் ஏறி ஆரியங்காவு தாண்டினால் காதில் மலையாளம் விழும். தமிழும் மலையாளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று படித்தவர் எல்லாரும் சொல்வார்கள். அவை பிரிந்ததை யார் பார்த்தது? எந்தத் தாயும் தமிழ் பேசிப் படுத்து மலையாளம் பேசி எழுந்ததில்லை. சொற்களை ஒப்பிட்டார்கள், வேர்களைப் பார்த்தார்கள், ஒலி மாறும் ஒழுங்கைக் கண்டார்கள், உறவை நிறுவினார்கள். அந்த வேலையைப் பெரிய அளவில் செய்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டவர், இடையன்குடியில் குருப்பணி செய்து பின்னாளில் நம் ஆயராகவும் ஆன ராபர்ட் கால்டுவெல். டார்வின் நூலுக்கு மூன்று ஆண்டு முந்தியது அது. கால்டுவெல் டார்வினை ஏற்றார் என்று நான் சொல்லவரவில்லை. பார்க்காத பிரிவைச் சான்று கொண்டு நிறுவலாம் என்பதற்கு நம் ஆயரே சாட்சி என்கிறேன். பாபேலில் ஒரே நாளில் பாஷைகள் தாறுமாறாயின என்ற அதிகாரம் அவர் வேதாகமத்திலும் இருந்தது. அதற்காக அவர் இலக்கணத்தைக் கிழித்துப் போடவில்லை.

இப்போது அந்தக் குரங்குக் கேள்வியை மலையாளத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்: ‘மலையாளம் தமிழிலிருந்து வந்ததென்றால், தமிழ் ஏன் இன்னும் இருக்கிறது?’ கேட்கும்போதே அபத்தம் தெரிகிறதல்லவா? இன்றைய மலையாளம் இன்றைய தமிழிலிருந்து வரவில்லை. இரண்டும் பழைய பொதுமொழி ஒன்றிலிருந்து கிளைத்தவை. மெயினருவிக் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த அறிவியல் புத்தகமும் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் பொதுவான முன்னோர் ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்தது. அதன்பின் இரு கிளைகளும் தத்தம் வழியில் போயின. பந்தலில் சிரித்தோமே, டார்வின் சொல்லாத ஒன்றைக் கேட்டுத்தான் சிரித்தோம்.

மலைக்கே போவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நீண்ட ஊதா நிறத் தவளை ஒன்று உண்டு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும். மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வந்து முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். 2003-இல் கேரளப் பக்கத்திலிருந்து அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு இந்தியாவில் எங்கும் இல்லை. கடல் தாண்டி, ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. உப்புநீரில் பொதுவாகத் தவளை பிழைக்காது; அது நீந்திப் போயிருக்க முடியாது. தவளை போகவில்லை, நிலம்தான் போனது. இந்தியாவும் செஷல்ஸும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து பிளந்தபோது தவளைக் குடும்பமும் பிளந்தது. அந்தப் பிளவுக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டுகள்.

கதை அங்கே முடியவில்லை. 2017-இல் அதே பேரினத்தின் இரண்டாவது இனத்தை, நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவில் கண்டு அறிவித்தார்கள். மேற்குப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவத்தில் வெளிவரும். கிழக்குச் சரிவின் தவளைக்கு வடகிழக்குப் பருவமழை வேண்டும். ஆனியில் சாரலும் ஐப்பசியில் அடைமழையும் காணும் தென்காசிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒரே மலை, இரண்டு மழை. மழைக்கேற்ப முட்டையிடும் காலம் பிரிந்தால் இரண்டு கூட்டமும் கலக்காது. கலக்காவிட்டால் தலைமுறை செல்லச் செல்ல இரண்டும் வேறாகும். ஓர் இனம் இரண்டாவது எப்படி என்று கேட்கிறவருக்கு, மலையின் இரண்டு சரிவுகளிலும் பதில் மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் அருகில் வேண்டுமா? நம் மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி நமக்கு வேண்டும். இல்லாவிட்டால் ஈறில் இரத்தம் கசியும். வீட்டு ஆட்டுக்கு எலுமிச்சை வேண்டாம். அதன் ஈரலே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். அதற்குரிய மரபணு நமக்குள்ளும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் குற்றாலத்துக் குரங்குக்கும் அதே மரபணு சிதைந்திருக்கிறது. நமக்குச் சிதைந்த அதே முறையில். ‘ஒரே சிருஷ்டிகர் ஒரே மாதிரிச் செய்தார்’ என்று பதில் சொல்வார்கள். வேலை செய்யும் உறுப்புக்கு அந்தப் பதில் பொருந்தலாம். வேலை செய்யாத பிழையை ஏன் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும்? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று முடிவு கட்டுவார்கள். வேதாகமத்தின் பழம்பிரதிகளை ஒப்பிட்ட பண்டிதர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். வேதத்தைச் சுத்தமாக நம் கையில் தந்த முறை, மரபணுவுக்கு மட்டும் எப்படி நாத்திகம் ஆகும்?

‘தியரிதானே’ என்பார்கள். டீக்கடையில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அது சான்றுகள் பலவற்றைக் கட்டிநிறுத்தும் கோட்பாடு. கிருமியால் நோய் வருகிறது என்பதும் ஒரு தியரிதான். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கை கழுவ வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம்.

ஆதி மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் யார் வீட்டு மருமகன் தெரியுமா? ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன். அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு குழுவினர் தோண்டி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு. மாமனார் ஆதியாகமத்தைத் தமிழாக்கினார்; மருமகன் அது சொல்லாத பக்கத்தை மண்ணிலிருந்து தோண்டினார்.

நான்காவது வாதம்தான் கனமானது. பவுல் ரோமருக்கு எழுதியபோது, ஒரே மனிதனாலே பாவம் வந்தது, ஒரே மனிதராலே மீட்பு வந்தது என்று ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருபக்கம் சரிந்தால் மறுபக்கமும் சரியாதா? சரியாது. நான் பாவி என்பதற்கு எனக்கு ஏதேனின் எலும்புக்கூடு சாட்சி வேண்டாம். என் மனசாட்சி போதும். நல்ல சமாரியன் எரிகோ சாலையில் உண்மையாகவே நடந்தானா என்று யாரும் கேட்பதில்லை. நடக்காவிட்டாலும் அவன் நம்மைக் குற்றவாளியாக்கத் தவறுவதில்லை. எபிரேயத்தில் ஆதாம் என்ற சொல்லுக்கே மனிதன் என்பதுதான் பொருள். மண்ணிலிருந்து எழுந்தவன், அறிந்தும் மீறியவன், பிடிபட்டதும் பழியை அடுத்தவர்மேல் போட்டவன். அவன் வேறு யாருமல்ல, நான்தான். பாவத்துக்கு முன் மரணமே இல்லை என்பவர்கள், தோட்டத்தின் நடுவில் ஜீவவிருட்சம் எதற்காக நின்றது என்று யோசிக்க வேண்டும். சாகாதவனுக்கு அந்தக் கனி எதற்கு?

பவுலின் வாதத்தில் ஆதாமின் இடம் பற்றி இறையியலாளரிடையே இன்னும் பேச்சு நடக்கிறது; நடக்கட்டும். அந்தப் பேச்சே கூடாது என்பதைத்தான் மறுக்கிறேன். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில், உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை என்று 12-ஆம் பயஸ் 1950-இல் சொன்னார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 2-ஆம் யோவான் பவுல் 1996-இல் சொன்னார். மரபியலுக்கு அடிக்கல் நாட்டிய மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்கிட்டுக் காட்டிய லெமேத்ர் ஒரு குருவானவர். தம் கண்டுபிடிப்பை ஆதியாகமத்துக்குச் சான்றாகக் காட்டுவதைக்கூட அவர் விரும்பவில்லை. சிலுவை இவர்கள் யாருக்கும் பொய்யாகிவிடவில்லை.

எழுத்தின்படி வாசிப்போம் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. மனிதர் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதை எழுத்தின்படி எடுத்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் பிள்ளைக்குச் சம்பந்தம் பார்க்கும்போது முதல் கேள்வியாக ஏன் சாதி வருகிறது? சபைத் தேர்தலில் அந்தக் கணக்கு ஏன் வருகிறது? 24 மணி நேரத்தில் ஒரு நிமிடம் குறைந்தாலும் விசுவாசம் போய்விடும் என்கிறவர்கள், ஆதாமின் குடும்பத்தை மட்டும் இத்தனை துண்டாக வெட்டிவைத்திருக்கிறார்கள். மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதில் ஆதியாகமத்துக்கும் மரபணுவுக்கும் சண்டையே இல்லை. அந்த ஓர் இடத்தில்தான் நாம் இரண்டையும் நம்பவில்லை.

கீழப்பாவூரில் பதினாறு திருக்கரங்களோடு நரசிம்மர் கோயில் கொண்டிருக்கிறார். சுவாதி பூஜைக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். சிங்கத் தலையும் மனித உடலுமாக ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்டுச் சிரித்த நம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கு வரும் பக்தரைக் கேட்டால், அது உடற்கூறு பாடமில்லை, அநியாயத்துக்கு முடிவு உண்டு என்ற நம்பிக்கை என்பார். அவருடைய கதையை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக் கேலி செய்துவிட்டு, நம் கதையை எழுத்துக்கு எழுத்தாக எடுத்து நம்பு என்பது எந்த ஊர் நியாயம்? பந்தலுக்கு வெளியேயும் அந்தக் குரங்கு வாதம் கேட்டது. 2018-இல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் கண்டித்தன. 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். அமைச்சர் சொன்னதும் நம் பந்தலில் சொன்னதும் ஒரே வாக்கியம். திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டி, சாதி பாராமல் எழுத்தறிவித்த ஒரு சபை அந்த வரிசையில் போய் நிற்பதா?

சபையில் பொறுப்பில் இருக்கும் ஐயர்மாருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வேதமா அறிவியலா என்று நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்திய பிள்ளை கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டரில் உண்மையைக் கண்டதும், நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கின்படியே சிலுவையையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்தப் பிள்ளையை இழக்க வைத்தது டார்வின் அல்ல.

என்னிடம் வந்து கேட்ட பிள்ளைக்கு என் பதில் இது. பரிணாமத்தை எழுதும்மா. மார்க்குக்காக எழுத வேண்டாம். அது உண்மை, அதனால் எழுது. எழுதி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து உன் இடத்தில் உட்கார். அந்த இடத்திலிருந்து உன்னை எழுப்பும் அதிகாரம் எந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை.